வெள்ளை நாயின் காது

பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்: இதுதான் ராஜபாளையம் நாயின் அடையாளம். 2005 ஜனவரியில் தபால்தலையிலும் இடம்பிடித்த நாய் இது. இதன் வெள்ளை நிறத்தை அல்பினிசம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல.

அல்பினோ விலங்கின் தோலில் மெலனின் தயாரிக்கும் செல்கள் இருக்கும். டைரோசினேஸ் என்ற நொதி சரிவர வேலை செய்யாததால் நிறமி உருவாகாது, அவ்வளவே. மூக்கும் சேர்ந்து வெளுத்த வெள்ளை நாய்களில் பெரும்பாலும் அந்தச் செல்களே வந்து சேருவதில்லை. மெலனோசைட் எனப்படும் இவை கருவில் முதுகுப் பக்கம் தோன்றி, உடம்பெங்கும் நகர்ந்து போய்க் குடியேற வேண்டும். போய்ச் சேராத இடத்தில் ரோமம் வெள்ளையாகத்தான் முளைக்கும். வெள்ளை ஸ்பிட்ஸின் மூக்கு கருப்பாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே செல்கள் வந்துவிட்டன.

இந்தச் செல்களுக்கு உட்காதிலும் வேலை உண்டு. நத்தை எலும்பின் சுவரில் தங்கி, உள்ளேயிருக்கும் திரவத்தில் பொட்டாசியம் குறையாமல் பார்த்துக்கொள்பவை இவைதான். அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களுக்குள் அந்தச் சுவர் சுருங்கி, ஒலியை உணரும் செல்கள் மடிந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது. நீலக்கண் பூனைகளுக்குக் காது கேட்பதில்லை என்று டார்வின் 1859-லேயே எழுதினார். டால்மேஷியன் நாய்களிலும் இதே குறை உண்டு. நீலக்கண் ராஜபாளையம் குட்டிகளை வாங்குபவர்கள் யோசிப்பதற்குக் காரணமும் இதுவே.

செவிட்டுக் குட்டியைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. கூடப்பிறந்தவை ஓடினால் அதுவும் பின்னால் ஓடும். தனியாகத் தூங்கவிட்டு, சற்றுத் தள்ளி எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்க்கலாம். பக்கத்தில் கைதட்டினால் காற்றசைவிலேயே விழித்துக்கொள்ளும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியோ இதிலும் தேறிவிடும். மூளைக்குப் போகும் மின்துடிப்பை அளக்கும் பரிசோதனைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

தூய வெள்ளைதான் வேண்டும் என்று புள்ளி விழுந்த குட்டிகளை ஒதுக்குகிறோமே, அந்தப் புள்ளி மெலனோசைட் வந்து சேர்ந்ததற்கான தடயம். நல்ல செவி உள்ள குட்டியை நிறத்துக்காகக் கழிப்பது இந்த இனத்துக்கே செய்யும் கேடு. இனவிருத்திக்கு விடும் ஆணையும் பெண்ணையும் முதலில் செவிப் பரிசோதனை செய்யவேண்டும். ஒரு காது கேட்காத நாய் வீட்டைக் காக்கும், வேட்டைக்கும் போகும். ஆனால் அதன் குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மை வரும் வாய்ப்பு கூடுதல்.