ஓசூர் – கிருஷ்ணகிரி தொழிற்பகுதியில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல்

ஓசூர் – கிருஷ்ணகிரி தொழிற்பகுதி தமிழ்நாட்டின் வடமேற்கில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. இங்குள்ள ஆலைகள் சூரிய ஒளி, காற்று, உயிர்க்கழிவு ஆகியவற்றிலிருந்து மின்சாரம் பெறும் வழிகளையும் அவற்றுக்கான முதலீட்டு வாய்ப்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. இப்பகுதி மின்னாற்றலைப் பெருமளவில் ஆக்கும் இடமன்று, நுகரும் இடமாகும். எனவே இங்கு முதலீட்டின் பயன் வெயிலையும் காற்றையும் மட்டுமன்றி, மின்கம்பிகளையும் அவற்றை ஆளும் விதிகளையும் பெரிதும் சார்ந்துள்ளது.

பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பெப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. அதற்கு முன்பே ஓசூரில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் முதலிய ஆலைகள் வளர்ந்திருந்தன. 2008 இல் தமிழ்நாட்டில் மின்பற்றாக்குறை கடுமையானபோது, உயரழுத்த மின்இணைப்பு பெற்ற ஆலைகளுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. இவை 2015 இல் நீக்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் செலவு மிகுந்த டீசல் மின்னாக்கிகளைப் பயன்படுத்த நேர்ந்த ஆலைகளுக்குச் சொந்த மின்சாரத்தின் தேவை தெளிவாயிற்று.

2021 முதல் ஓசூரில் ஏத்தர் எனர்ஜி, போச்சம்பள்ளி அருகே ஓலா எலக்ட்ரிக் ஆகியவற்றின் மின்வண்டி ஆலைகளும் இயங்கத் தொடங்கின. ஓலா ஆலைக்கான 2,400 கோடி ரூபாய் முதலீட்டு ஒப்பந்தம் 2020 திசம்பரில் கையெழுத்தானது.

தற்பயன்பாட்டு மின்னாக்கம்

2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், ஓர் ஆலை தன் தேவைக்கான மின்சாரத்தை வேறோர் இடத்தில் ஆக்கி, அரசு மின்கம்பிகளின் வழியே கொண்டுவர இடமளிக்கிறது. பல ஆலைகள் ஒன்றுசேர்ந்தும் இதனைச் செய்யலாம். 2005 ஆம் ஆண்டு விதிகளின்படி, பயனர்கள் மின்நிலையத்தின் உரிமையில் 26 விழுக்காடேனும் கொண்டிருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51 விழுக்காடேனும் நுகர வேண்டும். அவ்வாறு செய்தால், பிற நுகர்வோரின் மானியத்தை ஈடுசெய்ய விதிக்கப்படும் கூடுதல் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. ஓராண்டில் இவ்வளவை எட்டாவிடில் அவ்வாண்டுக்கான விலக்கு முழுவதும் பறிபோகும். ஆலையில் உற்பத்தி குறைந்தால் மின்முதலீடும் இடருக்குள்ளாவது இதனாலேயே.

மாநில எல்லை

ஓசூர் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆயினும் கர்நாடகத்தில் ஆக்கப்படும் மின்சாரத்தை இங்குக் கொண்டுவருவது மாநிலங்களுக்கிடையேயான பரிமாற்றமாகக் கருதப்பட்டு, மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளுக்கு உட்படும். மாறாக, நெடுந்தொலைவில் உள்ள ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலை மின்சாரம் மாநிலத்திற்குள் நிகழும் பரிமாற்றமே. ஆனால் அங்குக் காற்று பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரையே வலுவாக வீசும். ஆலைகளோ ஆண்டு முழுவதும் இயங்குபவை. இந்த இடைவெளியை நிரப்பச் சூரிய மின்நிலையங்களும் மின்கலச் சேமிப்பும் தேவைப்படுகின்றன.

உள்ளூர் வாய்ப்புகள்

* கூரைகள்: ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சிலிக்கான் சூரியக்கலத்தின் திறன், வெப்பநிலை ஒரு பாகை உயரும்போது 0.3 முதல் 0.5 விழுக்காடு வரை குறையும். ஆகவே இங்குள்ள மிதமான தட்பவெப்பம் நன்மையே.
* மானாவாரி நிலம்: 1 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு 4 முதல் 5 ஏக்கர் நிலம் வேண்டும். கர்நாடகத்தின் பாவகடா சூரியப் பூங்காவில் உழவர்களின் நிலம் விலைக்கு வாங்கப்படாமல், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்ற தொடக்க வாடகையில் குத்தகைக்குப் பெறப்பட்டது. நில உரிமை உழவரிடமே இருப்பதால் இம்முறை கருதத்தக்கது. எனினும் நிலமற்ற கூலித் தொழிலாளருக்கு அதில் வாடகைப் பங்கு இல்லை.
* மாங்கழிவு: மாங்கூழ் ஆலைகளின் தோல், கொட்டை முதலிய கழிவுகளில் தோலிலிருந்தும் கூழ் எச்சத்திலிருந்தும் உயிர்வளி பெறலாம். மாம்பழப் பருவம் சில மாதங்களே நீடிப்பதால், பிற மாதங்களுக்குச் சாணம் போன்ற மாற்று மூலப்பொருள் தேவை.

சிக்கல்கள்

மின்கட்டணத்தை மிகுதியாகச் செலுத்தும் பெரிய ஆலைகள் விலகிச் சென்றால், உழவுக்கு 1990 முதல் வழங்கப்படும் கட்டணமில்லா மின்சாரம் உள்ளிட்ட மானியங்களின் சுமை அரசின் மீதும் எஞ்சிய நுகர்வோர் மீதும் கூடுதலாக விழும். மேலும், 2022 ஆம் ஆண்டின் பசுமை ஆற்றல் விதிகள் வெளியிலிருந்து மின்சாரம் வாங்குவதற்கான கீழ்வரம்பை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாகக் குறைத்தபோதிலும், அதற்கும் குறைவான மின்இணைப்புடைய சிறு பட்டறைகளுக்குக் கூரையே எளிய வழியாக உள்ளது. வாடகைக் கட்டடத்தில் இயங்கும் பட்டறைக்கு அக்கூரையும் சொந்தமன்று. பெரிய ஆலைகளுக்கு உதிரிப்பாகம் செய்து தரும் இச்சிறு தொழில்கள் பங்குபெற இயலும்போதே இப்பகுதியின் ஆற்றல் மாற்றம் முழுமை பெறும்.