கிழநாய்க்குத் தயிர்சாதம் மட்டும் போதாது

முகம் நரைத்து, மாடிப்படி ஏறத் தயங்கும் நாயைப் பார்த்ததும் நம் வீடுகளில் முதலில் நிறுத்துவது கறியைத்தான். "வயசாயிடுச்சு, இனிமே செரிக்காது" என்று தயிர்சாதத்துக்கும் பால்சோற்றுக்கும் மாற்றிவிடுகிறோம். நடுவில் தேநீரோடு இரண்டு பிஸ்கட். எல்லாமே பிரியத்தால் செய்வதுதான். ஆனால் அந்த உடம்புக்கு வேண்டியது வேறு. சோறு குறைய வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை கறியும் முட்டையும் மீனும் குறையக் கூடாது.

காரணம் எளிது. வயது ஏறும்போது ஓட்டம் குறைகிறது, தசையும் கரைகிறது. கலோரியை அதிகம் செலவழிப்பது தசை என்பதால், நடுவயதில் சாப்பிட்டதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவான கலோரியே பல நாய்களுக்குப் போதும். ஆனால் உண்ட புரதத்தைத் தசையாக மாற்றும் திறனும் வயதோடு குறைகிறது. ஆகவே இளநாயைவிடக் கிழநாய்க்குப் புரதம் கூடுதலாகத்தான் வேண்டியிருக்கிறது. மாவுச்சத்தை மட்டும் கொடுத்து வந்தால் வயிறு பெருக்கும், பின்னங்கால் மெலியும். எழுந்திருக்கத் தடுமாறும் பல நாய்கள் இந்த நிலையில் இருப்பவைதான்.

பையில் எழுதியிருக்கும் வயதை நம்பாதீர்கள்

எல்லா நாய்க்கும் ஒரே வயதில் முதுமை வருவதில்லை. கிரேட் டேன் போன்ற மிகப் பெரியவை 6 வயதிலேயே முதுமைக்குள் நுழைந்துவிடும். லாப்ரடார், ராஜபாளையம் போன்றவற்றுக்கு 7, 8 வயதில் தொடங்கும். வீட்டுக்குள் வளரும் சிறிய ஸ்பிட்ஸ் 10 வயதிலும் துள்ளிக்கொண்டிருக்கும்.

கடையில் 'சீனியர்' என்று அச்சிட்ட தீனிப் பை இருக்கிறதே என்பீர்கள். அமெரிக்காவில் நாய்த் தீனிக்கான தரங்களை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு, வளரும் பருவத்துக்கும் வளர்ந்த நாய்க்கும் சத்து அளவு வகுத்திருக்கிறது. முதுமைக்கென்று தனி அளவு வகுக்கவில்லை. அதனால் அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய பொருளைக் கொடுக்கிறது. ஒன்றில் புரதம் கூடியிருக்கும், இன்னொன்றில் குறைந்திருக்கும். பையைத் திருப்பி, சத்து அட்டவணையைப் படியுங்கள். நோயில்லாத கிழநாய்க்கு உலர்தீனி வாங்கினால் புரதம் 25 சதவீதத்துக்குக் கீழே போகாத பையை எடுப்பேன்.

கைதான் முதல் தராசு

மாதம் ஒருமுறை நாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படித் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது. பிறகு முதுகெலும்பின் இரு பக்கமும், தொடையும். அங்கே குழி விழுந்திருந்தால் தசை போய்க்கொண்டிருக்கிறது. விலாவில் கொழுப்பும் தொடையில் குழியும் ஒரே நாயில் சேர்ந்தே இருக்கலாம். எடை இயந்திரம் இதைக் காட்டாது.

எடை பற்றி நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து ஆயுள் முழுக்கக் கவனித்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு, மற்றப் பாதி சாப்பிட்டதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி வைத்தார்கள். ஒல்லியாக வளர்ந்தவை ஏறத்தாழ 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. நாயின் ஆயுளில் அது சின்னக் காலம் இல்லை.

வீட்டில் சமைத்துப் போடுகிறவர்களுக்கு

வீட்டுச் சமையல் தப்பே இல்லை. தட்டில் எது எவ்வளவு என்பதில்தான் சிக்கல். எலும்பு நீக்கி வேகவைத்த கோழி, முட்டை, முள் எடுத்த மத்தி மீன் ஆகியவை முதலிடத்தில் இருக்கட்டும். மத்தியில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பு மூட்டுவலிக்கும் உதவும். சோறு அதற்கு அடுத்து வரட்டும். வேகவைத்த பூசணி, கேரட், பீன்ஸ் சேர்த்தால் கலோரி ஏறாமல் வயிறு நிறையும், மலச்சிக்கலும் குறையும். தயிர் கொஞ்சம் கொடுக்கலாம். பால் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். தெருவில் படுத்திருக்கும் கிழநாய்க்குத் தினமும் சோறு வைப்பவர்கள், முடிந்தபோது மேலே ஒரு வேகவைத்த முட்டையை உதிர்த்துப் போட்டால் பெரிய உதவி.

பலரும் விட்டுவிடுவது கால்சியம். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. கோழியும் சோறுமாக வருடக்கணக்கில் சாப்பிடும் நாய், தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது. நன்றாக வேகவைத்து, காயவைத்து, மாவாகப் பொடித்த முட்டை ஓடு நல்ல வழி. ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கும். கூடினாலும் கெடுதல் என்பதால் உங்கள் நாய்க்கான அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சாம்பார், குழம்பு, மீந்த பிரியாணி எல்லாம் அதனால்தான் வேண்டாம். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடும். வேகவைத்த எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும். கருவாட்டில் உப்பு அதிகம்.

தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியானால்

மேலே சொன்ன புரதக் கணக்கு மாறும் இடம் இது. வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து, இத்தனை வருடம் வீட்டை அசுத்தப்படுத்தாத நாய் இரவில் உள்ளேயே சிறுநீர் கழிக்கிறதா? திட்டாதீர்கள். சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம், சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். ரத்தத்தில் கிரியேட்டினின் உயர்வதற்குள் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போயிருக்கும். அதனால் முதிய நாய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பரிசோதிப்பது நல்லது. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

சிறுநீரகம் பழுதானது உறுதியானால் முதலில் குறைக்க வேண்டியது பாஸ்பரஸ். அப்போது ஈரலை நிறுத்தச் சொல்வார்கள். நல்ல புரதமும் குறைந்த பாஸ்பரஸும் உள்ள முட்டை வெள்ளைக்கரு கைகொடுக்கும். ஆனால் நோய் உறுதியாகாமல் 'எதற்கும் இருக்கட்டும்' என்று சிறுநீரகத் தீனியை வாங்கிப் போடாதீர்கள். அதில் புரதம் குறைவு. நல்ல நாயின் தசை வீணாகக் கரையும்.

சாப்பிட மறுத்தால்

கிழநாய்க்கு மோப்பம் மங்குகிறது. உணவை இளஞ்சூடாக்கினால் மணம் எழும்பும். ஈறு வீங்கி, பல்லில் காரை படிந்திருந்தால் பசியிருந்தும் கடிக்க முடியாது. உலர்தீனியை வெந்நீரில் ஊறவைத்துப் பாருங்கள், பல்லையும் மருத்துவரிடம் காட்டுங்கள். குனியக் கஷ்டப்பட்டால் கிண்ணத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். புதிய உணவுக்கு மாற்றும்போது 7 முதல் 10 நாள் எடுத்துக்கொண்டு, பழையதில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லை என்றால், அடம் என்றோ வயது என்றோ விட்டுவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போவதற்கு முன், கடந்த ஒரு வாரம் என்னென்ன கொடுத்தீர்கள் என்று வீட்டில் எல்லோரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், தாத்தா கொடுத்த பிஸ்கட் உட்பட.