எந்தக் கடலின் மட்டம்?

ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயரோடு, கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்பதையும் எழுதியிருப்பார்கள். எந்தக் கடல் என்று நாம் கேட்பதில்லை. கேட்கவேண்டிய தேவையும் வந்ததில்லை. ரைன் ஆற்றங்கரையில் உள்ள லாஃபன்பர்க்கில் வந்தது.

அந்தச் சிற்றூரின் நடுவே ஆறு ஓடுகிறது. ஒரு கரை ஜெர்மனி, மறு கரை சுவிட்சர்லாந்து. 2003-ல் இரு கரைகளையும் சேர்க்கப் புதுப் பாலம் கட்டியபோது, ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் 54 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் இருப்பது தெரியவந்தது. ஜெர்மனியின் உயரக் கணக்கு ஆம்ஸ்டர்டாமில் குறித்த வடகடல் மட்டத்திலிருந்து தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் கணக்குக்கு மூலம் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் அளந்த மத்தியதரைக் கடல் மட்டம். இரண்டுக்கும் இடையே 27 சென்டிமீட்டர். பொறியாளர்களுக்கு இது முன்பே தெரியும். அதைச் சரிக்கட்டவும் செய்தார்கள். ஆனால் கணக்கில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இடம் மாறிவிட்டன. பூச்சியமாக வேண்டிய 27 இரட்டிப்பாயிற்று. நல்லவேளையாகக் கட்டும்போதே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள்.

எல்லையோரத் திட்டமிடலில் முதல் வேலையும் கடினமான வேலையும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: இரு நாட்டு எண்களை ஒரே மொழி பேசவைப்பது. நிதியும் ஒப்பந்தமும் அதற்குப் பிறகுதான்.

லாஃபன்பர்க்கிலிருந்து ஆற்றோடு கீழே போனால் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். இங்கே பிரான்சும் சேர்ந்து மூன்று நாடுகள் முட்டிக்கொள்கின்றன. பாசலின் விமான நிலையம் பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது. நகரத்து டிராம் தடங்களில் ஒன்று 2014 முதல் ஜெர்மனிக்கும், மற்றொன்று 2017 முதல் பிரான்சுக்கும் ஓடுகிறது. இப்படிப்பட்ட ஊரில் எங்கே வீடு கட்டலாம், எங்கே ஆலை வைக்கலாம் என்று முடிவெடுக்க, ஒரு நாட்டின் வரைபடம் மட்டும் போதுமா? அந்த வரைபடம் எல்லைக் கோட்டோடு நின்றுவிடும். காற்று நிற்காது. ஒரு பக்கம் வோஸ் மலை, மறு பக்கம் கருங்காட்டு மலை. நடுவே உள்ள பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கினால் மூடுபனி மூன்று நாடுகளையும் சேர்த்தே மூடுகிறது. மலையிலிருந்து இறங்கும் காற்றுக்கு எங்கே வழிவிட வேண்டும் என்பதை மூவரும் சேர்ந்து பார்த்தால்தான் தெரியும். அதற்காக மூன்று நாட்டு ஆய்வாளர்களும் தங்கள் அளவீடுகளை ஒன்றாக்கி, 1995-ல் மேல் ரைன் பகுதிக்குத் தட்பவெப்ப வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். இந்தப் பகுதிப் பல்கலைக்கழகங்கள் 1989-லேயே ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்திருந்தன.

ஆனால் ஒத்துழைப்பின் அவசரத்தை எல்லோருக்கும் உணர்த்தியது ஒரு தீ விபத்து. 1986 நவம்பர் 1-ஆம் தேதி அதிகாலை, பாசலுக்குச் சற்று மேலே ஷ்வைட்சர்ஹாலேயில் ரசாயனக் கிடங்கு ஒன்று எரிந்தது. தீயணைத்த தண்ணீர் பூச்சிக்கொல்லிகளைக் கரைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கியது. ரைன் சிவந்து ஓடியது. விலாங்கு மீன்கள் பெரும் எண்ணிக்கையில் செத்து மிதந்தன. கீழே ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து மக்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றே: நஞ்சு எங்கள் ஊருக்கு எப்போது வந்துசேரும்?

அதற்கு விடை சொல்ல, ஆற்றின் வேகத்தையும் கலப்பையும் கணக்கிடும் எச்சரிக்கை மாதிரி ஒன்றைப் பல நாட்டு நீரியலாளர்கள் சேர்ந்து உருவாக்கினார்கள். ஒளிரும் சாயத்தை ஆற்றில் விட்டு, அது எந்த ஊரை எந்த நேரத்தில் கடக்கிறது என்று பார்த்துக் கணக்கைச் செப்பம் செய்தார்கள். இந்த மாதிரியில் ஆறு ஒரே ஆறுதான். எல்லைக்கோடு அதில் ஒரு பொருட்டே இல்லை.

1993 முதல் பாசலுக்குக் கீழே வைல் என்ற ஊரில் ஒரு கண்காணிப்பு நிலையம் ரைன் நீரைச் சோதித்துவருகிறது. நிலையம் இருப்பது ஜெர்மன் மண்ணில். அதை நடத்துவது சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மாநிலம்.