ஜீனோவும் நாமும்

கொடுங்கோல் ஆட்சியைக் கற்பனை செய்யும் கதைகளில் இன்றைய மாணவர்க்கு நல்ல நாட்டம் உண்டு. சுசான் காலின்ஸ் 2008-இல் எழுதிய ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவலை நம்மில் பலர் படித்திருப்போம். 12 மாவட்டங்களிலிருந்து 24 இளைஞரைப் பிடித்து, ஒருவர் எஞ்சும்வரை மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் அரசின் கதை அது.

இத்தகைய கதை தமிழுக்குப் புதிதன்று. 1980-களிலேயே ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ வெளிவந்தது. எழுதியவர் சுஜாதா. நம் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். அவருடைய இந்த நூலைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. ஏன் என்று கூறுகிறேன்.

கதை நிகழும் ஆண்டு 2022. நாட்டை ஆள்பவர் ஜீவா. மக்களுக்குச் சுருக்கப் பெயர், ஆளுக்கொரு எண். பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்னும் பெண்ணின் கணவன் சிபி காணாமற் போகிறான். அவள் வீட்டில் ரவி என்பவன் வந்து குடியேறுகிறான். அவனுடன் வருவது ஜீனோ என்னும் எந்திர நாய். நூல்களைப் படித்துத் தானாகச் சிந்திக்கத் தொடங்கும் அந்த நாய்தான் கதையின் உயிர்.

நூலின் பெருமை எது? ஜீவா மனிதனே அல்லன், வெறும் ஒளி உருவம் என்று தெரிய வருகிறதே, அதுதான்! ஆள்வதற்கு ஆள் தேவையில்லை, உருவம் போதும் என்று அன்றே சொன்னார் ஆசிரியர். இல்லாதவர் பேசுவதுபோலப் படம் செய்யும் கருவிகள் மலிந்த இந்நாளில் அது வெறுங்கற்பனையாகத் தோன்றவில்லை. ஜீவா வீழ்ந்ததும் விடியல் வந்துவிடவுமில்லை. நிலாவை அரியணையில் வைத்து வேறு சிலர் ஆள்கின்றனர். இந்த முதிர்ச்சியைப் பாராட்டுகிறேன்.

குறை எது? மக்கள்! அவர்கள் ஆரவாரம் செய்யும் கூட்டமாகவே நிற்கின்றனர். சிந்திப்பது நாய், சூழ்ச்சி செய்வோர் சிலர். காலின்ஸின் நாயகி தானே வில்லெடுக்கிறாள். நிலாவோ பெரும்பாலும் பிறர் கைக்கருவியாகவே இருக்கிறாள்.

மக்கள் அவ்வளவு எளிதில் அடங்குவரா? நான் வாழும் பிரேசர் டவுனையே பாருங்கள். 1898-இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின், நெருக்கடியைக் குறைக்கத் திட்டமிட்டு எழுப்பப்பெற்ற பேட்டை இது. மைசூரில் ஆங்கில ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை 1910-இல் பெற்றது. இன்று அரசு ஏட்டில் இது புலிகேசி நகர். ஆயினும் ஆட்டோக்காரரும் கடைக்காரரும் பிரேசர் டவுன் என்றே சொல்கின்றனர். ஆணையிட்டுப் பெயரை மாற்றலாம். நாவை மாற்றுவது அரிது. கதையில் எல்லார் பெயரும் முணுமுணுப்பின்றிச் சுருங்குவதை அதனால்தான் என்னால் முழுதும் நம்ப முடியவில்லை.

ஆளுக்கோர் எண் என்பது நமக்கும் வந்தது. 2010 முதல் 12 இலக்க ஆதார் எண் வழங்கப்பட்டது. அதை எதிர்த்து 2012-இல் உச்ச நீதிமன்றம் சென்றவர் யார்? கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே. எஸ். புட்டசாமி. பெங்களூரில் வாழ்ந்த அவருக்கு அப்போது வயது எண்பதுக்கு மேல். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். முழு வெற்றி என்று கூற இயலாது. 2018-இல் ஆதார் சட்டம் பெரும்பாலும் செல்லும் என்றே நீதிமன்றம் கூறியது. ஆயினும் வங்கிக் கணக்குக்கும் கைத்தொலைபேசி இணைப்புக்கும் அதைக் கட்டாயமாக்கியது செல்லாது என்றது.

சுஜாதாவின் உலகில் கேள்வி கேட்க எந்திர நாய் வரவேண்டியிருந்தது. நம் ஊரில் ஒரு முதியவர் மனுவெழுதிக் கேட்டார். நமக்கும் கல்லூரியில் படிவங்கள் வருகின்றன. எண்ணும் கைரேகையும் கேட்கின்றன. எதற்கு என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

நூலைப் படியுங்கள், சுவையானது. ஆனால் ஜீனோவின் அறிவில் மயங்கி, அந்தக் கூட்டத்தை மறந்துவிடாதீர்கள். நாம் வாழ்வது அந்தக் கூட்டத்தினிடையேதான்.