சுவரில் வண்ணச் சீட்டு, மேசையில் பழைய கோப்பு

மென்பொருளைச் சிறுசிறு பகுதிகளாகக் கட்டும் அஜைல் முறைக்கு ஒட்டுமொத்தமாக மாறப்போகிறோம் என்று தலைமை அறிவித்ததும் பெரிய நிறுவனங்களில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். பயிற்சியாளர்கள் வருகிறார்கள், சுவரில் வண்ணச் சீட்டுகள் ஏறுகின்றன, புராஜெக்ட் மேனேஜர் அஜைல் குழுவுக்குத் துணைநிற்கும் ஸ்க்ரம் மாஸ்டர் ஆகிறார், காலையில் எல்லோரும் கால் மணி நேரம் நின்றபடி பேசுகிறார்கள். ஓரிரு வருடத்தில் ‘இதெல்லாம் நமக்குச் சரிப்படாது’ என்ற முணுமுணுப்பு கிளம்பும். பழி பெரும்பாலும் ஊழியர்களின் மனப்பான்மைமீது விழும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பணம் ஒதுக்கி, ஒப்பந்தம் போட்டு, தேதி குறிக்கிற அறைகளில்தான் கோளாறு தொடங்குகிறது.

பிரிட்டன் அரசின் யூனிவர்சல் கிரெடிட் திட்டம் இதற்குத் தணிக்கையாளர்களே எழுதிவைத்த சாட்சி. ஆறு வகை உதவித்தொகைகளை ஒன்றாக்கும் இந்தத் திட்டம் 2010-இல் அறிவிக்கப்பட்டது. 2013 அக்டோபரில் நாடெங்கும் தொடங்கவேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். அதற்குள் மென்பொருளை முடிக்க, வேலை மற்றும் ஓய்வூதியத் துறை அஜைலைத் தேர்ந்தெடுத்தது. அத்தனை பெரிய அரசுத் திட்டம் எதுவும் அதுவரை அம்முறையில் நடந்ததில்லை. துறைக்கும் அதில் பழக்கமில்லை. 2013 செப்டம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை வெளியிட்டபோது, ஏற்கெனவே இருந்த ஒப்பந்தங்களுக்குள்ளும் மேற்பார்வை ஏற்பாடுகளுக்குள்ளும் புதிய முறையைப் பொருத்த முடியாமல் துறை திணறியது வெளிவந்தது. அந்த ஏப்ரல் வரை ஆன செலவு 42.5 கோடி பவுண்டு. 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள ஐடி வேலைகளைப் பயனில்லை என்று கணக்கிலிருந்தே கழித்துவிட்டார்கள்.

ஒப்பந்தம் ஏன் இவ்வளவு முக்கியம்? கொஞ்சம் கட்டு, பயன்படுத்துபவரிடம் காட்டு, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்து – அஜைலின் உயிர் இவ்வளவுதான். என்ன கட்டவேண்டும் என்பதை முதலிலேயே நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதி, அதற்கு விலையும் பேசிவிட்டால், நடுவில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனி ஒப்புதல். இரண்டு வாரத்தில் முடியும் ஸ்பிரின்ட் என்கிற குறுகிய வேலைச் சுற்று, ஒரு மாதம் கழித்துக் கூடும் குழுவின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கும். 2001-இல் அமெரிக்காவின் யூட்டாவில் கூடி அஜைல் அறிக்கையை எழுதிய 17 பேரும் இதை அறியாதவர்கள் அல்ல. ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து உழைப்பதே மேல் என்பது அவர்களின் நான்கு விழுமியங்களில் ஒன்று. சான்றிதழ் வகுப்புகளில் வேகமாகக் கடந்துபோகிற வரியும் அதுவாகத்தான் இருக்கும்! இன்னொன்றும் உண்டு. ஸ்பிரின்ட் முடிவில் நடக்கும் கூட்டமே கெட்ட செய்தியைச் சீக்கிரம் கேட்பதற்காகத்தான். அமைச்சர் வாயால் தேதி சொல்லியாகிவிட்ட இடத்தில் கெட்ட செய்தி மேலே ஏறாது. நல்ல சேதியை மட்டுமே மேலனுப்பும் பழக்கத்தையும் தணிக்கை அறிக்கை தனியே குறித்திருக்கிறது.

அப்படியானால் இந்த முறையே பெரிய அமைப்புகளுக்கு ஆகாது என்று சொல்லலாமே? அதே திட்டத்தின் பிற்பகுதி அதை மறுக்கிறது. 2013-இல் நிறுத்தி மறுபரிசீலனை செய்தபின், துறை தனக்கென ஒரு குழுவை அமர்த்தி டிஜிட்டல் சேவையைக் கட்டியது. 2014 நவம்பரில் லண்டனின் சட்டன் பகுதியில் மிகச் சிலருக்கு மட்டும் திறந்து, படிப்படியாக விரித்தது. 2020 மார்ச் பிற்பாதியில், கொரோனா முடக்கத்தின்போது, சுமார் 9.5 லட்சம் விண்ணப்பங்கள் குவிந்தும் அது தாங்கி நின்றது. (முதல் தொகைக்கு ஐந்து வாரம் காக்கவைக்கும் கொடுமை கொள்கையின் குற்றம், அதை மென்பொருளின் தலையில் கட்டக்கூடாது.)

மக்கள் பணத்துக்குக் கணக்கு வேண்டாமா என்ற கேள்வி இதைவிட வலுவானது. வேண்டும்தான். ஆனால் முழுத் தொகைக்கும் முன்கூட்டியே கையெழுத்திட்ட பழைய முறை அந்தக் கணக்கைக் காப்பாற்றவில்லையே. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., சென்டினல் என்ற வழக்குக்கோப்பு மென்பொருளை 2006-இல் பெரிய ஒப்பந்தமாக வெளியே கொடுத்தது, வேலை இழுத்தடித்தது. 2010-இல் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு, ஆட்களைக் குறைத்து, அஜைல் முறையில் தொடர்ந்தது. 2012 ஜூலையில் அது பயன்பாட்டுக்கு வந்தது. சிறு தொகை கொடுத்து, ஓடுகிற மென்பொருளைக் கண்ணால் பார்த்தபின் அடுத்த தொகையை விடுவிப்பதும் கண்டிப்பான கணக்குதான்.

உங்கள் அலுவலகத்திலும் அஜைல் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தால் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: வேலையின் நடுவில் ஒரு மாற்றம் தேவைப்பட்டால் யார் கையெழுத்திட வேண்டும், அதற்கு எத்தனை நாள் ஆகும்?