மறதி நோய் மருத்துவருக்கே மறதி நோய்

ஜப்பானில் ஒரு முதியவருக்கு மறதி நோய் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், மருத்துவர் அவரிடம் சில கேள்விகள் கேட்பார். உங்கள் வயது என்ன? இன்று என்ன கிழமை? பிறகு செர்ரிப்பூ, பூனை, ரயில் என்று மூன்று சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வார். 100-இல் 7 போனால் எவ்வளவு? அதில் இன்னொரு 7 போனால்? சற்று நேரம் கழித்து, முதலில் சொன்ன அந்த மூன்று சொற்களும் நினைவிருக்கிறதா என்பார். மொத்தம் 30 மதிப்பெண். 20 அல்லது அதற்குக் கீழ் என்றால் மேற்கொண்டு பரிசோதிப்பார்கள்.

இந்தச் சோதனையை 1974-இல் உருவாக்கியவர் மனநல மருத்துவர் கசுவோ ஹாசெகவா. 1991-இல் திருத்தப்பட்ட வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பல பத்தாண்டுகள் மறதி நோயாளிகளோடு பழகிய அவர், தமக்கும் அந்த நோய் வந்திருப்பதாக 2017-இல் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 88. 2021-இல் மறையும் முன், நோயாளியின் இடத்திலிருந்து அது எப்படி இருக்கிறது என்பதைப் பேட்டிகளிலும் புத்தகத்திலும் விவரித்தார்.

வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவார். பூட்டினோமா என்று ஐயம் வரும். திரும்பிப் போய்ப் பார்ப்பார், பூட்டியிருக்கும். நமக்கென்றால் அதோடு சரி. அவருக்கோ கொஞ்சதூரம் நடந்ததும் மறுபடி அதே ஐயம். கண்ணால் பார்த்ததுகூட மனதில் உறுதியாகத் தங்குவதில்லை. காலையில் தெளிவாக இருக்கும் மனம், பொழுது ஏற ஏறக் களைத்துப்போகும் என்றும் சொன்னார். நோய் என்று தெரிந்த நாளில் ஆள் மாறிவிடுவதில்லை, நேற்றிருந்த அதே மனிதர்தான் இன்றும் இருக்கிறார் என்பதை அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்.

இன்னொன்று என்னை மிகவும் பாதித்தது. பகல்நேரப் பராமரிப்பு இல்லங்களுக்கு முதியவர்களை அனுப்பலாம் என்று குடும்பங்களுக்குப் பரிந்துரைத்தவர் அவர். தாமே போக வேண்டி வந்தபோது, அங்கே தனிமையாக இருக்கிறது, போகப் பிடிக்கவில்லை என்றார். அந்தப் பரிந்துரை தவறு என்று இதற்குப் பொருளில்லை. கவனித்துக்கொள்ளும் குடும்பத்துக்கும் ஓய்வு வேண்டும். ஆனால் போகிறவருக்கு அது எப்படி இருக்கும் என்பதை அவர் வாயிலிருந்தே கேட்க வேண்டும்.

மருத்துவரின் சொந்த அனுபவம் சிகிச்சையில் உதவுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். மருந்தைப் பற்றிய அறிவை அது கூட்டுவதில்லை; அவசரத்தைக் குறைக்கிறது. வயது என்ன, கிழமை என்ன என்ற கேள்விகள் நெடுங்காலம் வாழ்ந்த ஒருவருக்கு அவமானமாகப் படலாம் என்று உணர்ந்த மருத்துவர், முதலில் அனுமதி கேட்பார். பதில் வரத் தாமதமானால் பக்கத்தில் இருக்கும் மகளிடம் திரும்பாமல் காத்திருப்பார்.

மனச்சோர்வு விஷயத்திலும் இப்படித்தான். பிரிட்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் லிண்டா காஸ்க், தாம் மனச்சோர்வோடு வாழ்ந்துகொண்டே அதே நோய்க்குச் சிகிச்சை அளித்ததை 2015-இல் ஒரு நூலாக எழுதினார். ஆனால் தம் நோயை வெளியே சொன்னால் நோயாளிகள் நம்ப மாட்டார்கள், சக மருத்துவர்கள் வேறுமாதிரிப் பார்ப்பார்கள் என்று மறைத்து வாழும் மருத்துவர்கள் உண்டு. மறைத்தால் தமக்கான சிகிச்சையும் தள்ளிப்போகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. ஒரே நோய் இருவரிடம் ஒரேமாதிரி இருப்பதில்லை. "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று மருத்துவர் ஆரம்பித்து, தம் கதையையே பேசிக்கொண்டிருந்தால், நோயாளி அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலை வந்துவிடும். தம் அனுபவத்தைச் சொல்வதற்கு முன் மருத்துவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதனால் எதிரில் இருப்பவருக்கு என்ன பயன்? பெரும்பாலும் ஒரு வரியே போதும். சில சமயம் அதுவும் வேண்டாம். வாய் திறந்து சொல்லாமலே அந்த அனுபவம் அவர் கேள்வி கேட்கும் விதத்தில் தெரிந்துவிடும்.