தீவின் இலை – 7: முழு இலையா, நறுக்கிய இலையா?

கியூபாவில் செய்த இரண்டு சுருட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மொந்தேகிறிஸ்தோ நம்பர் 4. இன்னொன்று ஹோசே எல். பியெத்ரா. இரண்டையும் கூரான பிளேடால் நீளவாக்கில் பிளந்து காகிதத்தில் விரித்தால், முதலாவதில் நுனியிலிருந்து அடிவரை அறுபடாமல் ஓடும் இலைகள் மடிப்பு மடிப்பாகத் தெரியும். விரலால் பிடித்து ஒவ்வொன்றாக உருவி எடுக்கலாம். இரண்டாவதைப் பிளந்ததுமே துண்டும் துணுக்குமாகக் காகிதம் முழுக்கக் கொட்டும்.

மேலே சுற்றியிருக்கும் இலையை மட்டும் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டும் கையால் சுற்றியவைதான். ஆனால் விலை பல மடங்கு வேறுபடும். முழு இலை வைத்த சுருட்டை ஸ்பானிய மொழியில் ‘திரிபா லார்கா’ என்கிறார்கள், நறுக்கிய இலை வைத்ததை ‘திரிபா கோர்த்தா’. திரிபா என்றால் உள்ளே அடைக்கும் புகையிலை. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

சென்ற வாரம் வரை பினார் டெல் ரியோவின் வயல்களிலும் புகையிலை உலர்த்தும் கொட்டகைகளிலும் இருந்தோம். பதமாகி, தரம் பிரித்து, நடு நரம்பு உருவப்பட்ட இலை இப்போது ஹவானாவின் சுருட்டு ஆலைக்கு வந்துவிட்டது. சுற்றுபவரின் பலகையில் அவருக்கு அளந்து கொடுத்த இலைகள் இருக்கின்றன. வெளியே போர்த்தும் மெல்லிய இலை ‘காப்பா’. அதற்குள் உள்ளடக்கத்தைக் கட்டிப் பிடிக்கும் இலை ‘கபோத்தே’. மிச்சமெல்லாம் திரிபா.

திரிபாவில் மூன்று வகை இலை சேரும். செடியின் அடிப்பகுதியில் விளைவது வொலாதோ. காரம் குறைவு, சுலபமாகப் பற்றும். நடுப்பகுதி இலை சேகோ. மணத்துக்கு அதுதான். உச்சியில் நேர் வெயிலில் தடித்து எண்ணெய்ப் பசையோடு வளர்வது லிஹேரோ. மூன்றிலும் காரமானது அதுவே, மெதுவாக எரிவதும் அதுவே. கிடங்கில் அதிக காலம் கிடந்து முதிரவேண்டியதும் அதுதான். 2 ஆண்டுகளாவது வைத்திருப்பார்கள்.

முழு இலையின் அருமை லிஹேரோவிடம்தான் தெரியும். தனியாகக் கொளுத்தினால் அது சரியாகப் பற்றாது, கருகி அணையப் பார்க்கும். அதனால் சுற்றுபவர் சேகோவையும் வொலாதோவையும் உள்ளங்கையில் வைத்து விசிறி மடிப்பாக மடித்துச் சேர்க்கும்போது, லிஹேரோ நடுவில் அமரும்படி பார்த்துக்கொள்கிறார். சுற்றியிருக்கும் இலைகள் எரியும் சூட்டில் நடு இலையும் சீராக எரியும். லிஹேரோ ஓரமாக ஒதுங்கிவிட்டால் சுருட்டு ஒரு பக்கம் வேகமாக எரிந்து, மறுபக்கம் பச்சையாக நிற்கும். காசு கொடுத்து வாங்கியவர் அதைத் திருப்பித் திருப்பிக் கொளுத்திக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

மடிப்புகளுக்கு இடையே காற்று போக ஒரு வழியும் வேண்டும். புகை அந்த வழியாகத்தான் வாய்க்கு வரும். இலை முறுக்கிக்கொண்டால் வழி அடைபடும். தளர்வாக இருந்தால் புகை சூடாகி நாக்கைச் சுடும். எவ்வளவு இறுக்கம் என்பதை அளக்கச் சுற்றுபவரிடம் கருவி கிடையாது. விரல்தான் சொல்லவேண்டும். அவருடைய முக்கியமான கருவியே ‘சாவேத்தா’ என்னும் பிடியில்லாத அரைவட்டக் கத்தி ஒன்றுதான். மடித்த இலைக்கட்டைக் கபோத்தேயில் உருட்டி, பத்துப் பள்ளங்கள் கொண்ட அச்சில் வைத்து, அழுத்துப்பொறியில் இறுக்குவார்கள். இடையில் எடுத்துத் திருப்பி வைத்து மறுபடி இறுக்குவார்கள். பிறகுதான் காப்பா. அதை வளைவாக நறுக்கி, சரிவாக இழுத்துச் சுற்றி, தலைப்பக்கம் துளி தாவரப் பசை தொட்டு, சிறு வட்ட இலைத்துண்டால் மூடினால் வேலை முடிந்தது.

இப்படிச் சுற்றிய சுருட்டின் சாம்பல் சட்டென்று உதிராது. ஓர் அங்குலத்துக்கு மேல்கூட அப்படியே நிற்கும், ஏனென்றால் அது எரிந்தபிறகும் ஒரே இலையாகத்தான் தொடர்கிறது. எரிய எரிய, பின்னால் வரும் இலையில் எண்ணெயும் ஈரமும் படிந்துகொண்டே போவதால், தொடக்கத்தில் லேசாக இருக்கும் சுவை கடைசி மூன்றில் ஒரு பங்கில் கனத்துக் காரமாகிவிடும். சுருட்டுப் பிரியர்கள் பணம் கொடுப்பது இந்த மாற்றத்துக்குத்தான்.

முழு இலைக்கும் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1990-களின் இறுதியில் உலகெங்கும் சுருட்டு மோகம் தலைக்கேறியபோது, கியூபா உற்பத்தியை மளமளவென்று உயர்த்தியது. போதிய பழக்கமில்லாத கைகள் பலகைக்கு வந்தன. விளைவு, அந்தக் காலப் பெட்டிகளில் புகையே வராமல் அடைத்துக்கொண்ட சுருட்டுகள் ஏராளம். பேர்பெற்ற விலையுயர்ந்த பிராண்டுகளும் தப்பவில்லை. அதற்குப் பிறகுதான் இலைக்கட்டில் காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் கருவி ஆலைகளுக்கு வந்தது. நீளமான இலை நல்ல கையில்தான் நல்ல சுருட்டாகும் என்பதைக் கியூபா பெரிய விலை கொடுத்துக் கற்றது.

இனி நறுக்கிய இலைக்கு வருவோம். முழு இலைச் சுருட்டு செய்யும்போது ஓரம் வெட்டியது, கிழிந்தது, நீளம் போதாதது என்று நிறைய மிஞ்சும். பயிரிட்டு, உலர்த்தி, மாதக்கணக்கில் பதப்படுத்திய இலையை யார் குப்பையில் போடுவார்கள்? அதை நறுக்கி, வேறு இலைகளோடு கலந்து உள்ளே வைக்கிறார்கள். முழுத் தேயிலைக்கும் டஸ்ட் டீக்கும் உள்ள உறவு மாதிரிதான் இது. தோட்டம் ஒன்றாக இருக்கலாம், கோப்பையில் இறங்கும் விதம்தான் வேறு.

துண்டுகளைக் கையால் மடிக்க முடியாது என்பதால், பலகையில் பொருத்திய வளையும் விரிப்பு ஒன்றின் மேல் அள்ளிவைத்து உருட்டி வடிவம் கொடுக்கிறார்கள். காப்பாவைக் கையால்தான் சுற்றுகிறார்கள். தேர்ச்சி குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம், வேலையும் சீக்கிரம் முடியும். தீவின் நடுப்பகுதியான வுவெல்டா அரீபா இலையில் செய்யும் ஹோசே எல். பியெத்ராவும், சியன்ஃபுவேகோஸ் நகரில் பிறந்த கின்தேரோவும் இந்த வகையில் பேர்போனவை.

துண்டுகளுக்கு இடையே காற்று நிறைய புகுவதால் இது வேகமாக, சூடாக எரியும். சாம்பல் சில்லுச் சில்லாக உதிரும். இழுக்கும்போது சில நேரம் துணுக்கு நாக்கில் ஒட்டும். லிஹேரோவை நடுவில் நிறுத்தும் வித்தைக்கு இங்கே இடமில்லை. எல்லாம் கலந்து கிடப்பதால் முதல் இழுப்பிலிருந்து கடைசிவரை சுவை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் இது மட்டமான சரக்கு என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். தன் பெயரைச் சொல்லி, தனக்குரிய விலையில் விற்கும் பொருளில் ஏமாற்று இல்லை. உழைப்பில் விளைந்த இலை வீணாகாமல் இருப்பதும் எனக்கு நல்ல விஷயமாகவே படுகிறது.

உடம்புக்கு மட்டும் இரண்டும் ஒன்றுதான். முழு இலை என்பதால் நிக்கோட்டின் விலகிப் போய்விடாது, வாய்ப்புற்றுநோயும் இலையின் நீளம் பார்த்து வருவதில்லை.

நறுக்கிய இலைக்குக் கெட்ட பெயர் வந்ததில் இயந்திரத்துக்குப் பங்கு உண்டு. முழு இலையை மடிக்க மனித விரல் வேண்டும், துண்டுகளை அடைக்க இயந்திரமே போதும். 1920-களில் ஹவானாவின் போர் லர்ரஞாகா ஆலைக்குள் இயந்திரம் நுழைந்தபோது சுருட்டுத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கான போராட்டம் அது. அவர்கள் எதிர்ப்பு பல ஆண்டுகள் இயந்திரமயத்தைத் தள்ளிப்போட்டது. பிற்பாடு இயந்திரம் வரத்தான் செய்தது. பார்த்தகாஸ், ரோமியோ இ ஹூலியேதா போன்ற பெரிய பிராண்டுகளின் பெயரிலேயே கையால் சுற்றியதும் இயந்திரத்தில் செய்ததும் அருகருகே விற்றன. வாங்குபவர் குழம்பினார். ‘கையால் செய்தது’ என்ற முத்திரையும் உதவவில்லை. உள்ளே இயந்திரம் கட்டி, மேலிலையை மட்டும் கை சுற்றினாலும் அந்த முத்திரை விழலாம். 1989-இல் ‘தொத்தால்மென்தே ஆ மானோ’, அதாவது முழுவதும் கையால் செய்தது என்ற வாசகம் பெட்டியில் ஏறிய பிறகே தெளிவு பிறந்தது. கையால் சுற்றினாலும் உள்ளே நறுக்கிய இலை என்றால் அதோடு ‘திரிபா கோர்த்தா’ என்ற சொல்லும் சேரும்.

இந்தத் தெளிவைக் கெடுப்பவர்கள் ஆலைக்கு வெளியே இருக்கிறார்கள். ஹவானாவின் தெருமுனைகளில் ‘ஆலையில் வேலை செய்யும் என் அண்ணன் கொடுத்த கொஹீபா சுருட்டு’ என்று காதோடு பேசி, பாதி விலைக்கு நீட்டுவார்கள். கண்ணைப் பறிக்கும் பெட்டி, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை, எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பிளந்தால் கிடைப்பது பெரும்பாலும் ஊர் பேர் தெரியாத துண்டு இலை. சில சமயம் வாழையிலைச் சருகுகூட உள்ளே இருக்கும். நாள் முழுக்கப் பலகையில் குனிந்து லிஹேரோவை நடுவில் நிறுத்தும் தொழிலாளியின் பெயரைத்தான் இந்த வியாபாரம் கெடுக்கிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

கியூபா போகும் நண்பர்களுக்காக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது பரிசாகச் சுருட்டு வாங்குவதாக இருந்தால் அரசு அங்கீகாரம் பெற்ற கடையிலேயே வாங்குங்கள், ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். பணம் எண்ணுமுன் பெட்டியைக் கவிழ்த்து அடியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். ‘திரிபா கோர்த்தா’ என்று இருந்தால் அதற்குரிய விலையை மட்டும் கொடுங்கள்.

சுருட்டு சுற்றும் கூடத்தில் மேடையேறி, தொழிலாளர்களுக்கு நாளிதழும் நாவலும் வாசிக்கும் மனிதரை அடுத்த வாரம் சந்திப்போம். 1865-இல் தொடங்கிய வழக்கம் அது.

(தொடரும்)